பாப்பாவுக்குக் கண் தெரியவில்லை

எனக்கு ஒரே இடத்தில் உட்கார வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நாற்காலியில் உட்கார்ந்தால் கால் ஆடும். காலைப் பிடித்துக்கொண்டால் விரல் மேசையைத் தட்டும். அதனால் பேச்சின் நடுவே எழுந்து நடந்தேன் என்றால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஓடிப்போகிற எண்ணமெல்லாம் இல்லை. இந்த அறையில் ஜன்னல் எந்தப் பக்கம் என்று தெரிகிறது, கதவு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. வலது கண்ணில் பனி படிந்த கண்ணாடி மாதிரி ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். இடது கண் சோம்பேறிக் கண். எதிரில் நிற்பது ஆளா அலமாரியா என்று சொல்வதற்கே அது ரொம்ப யோசிக்கும்.

என் அக்காவை விசாரித்து நீங்கள் எழுதி வைத்திருப்பதில் சில திருத்தங்கள் இருக்கின்றன. அதற்காகத்தான் பக்கத்து வீட்டு ஆன்ட்டியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வந்தேன். அவர் வெளியிலேயே இருக்கட்டும்.

அப்பா அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அக்காவுக்கு என்னைவிட எட்டு வயது கூட. அவள் ஒரு திரைச்சீலைக் கடையில் துணி வெட்டித் தைப்பவள். நான் பெயிண்ட் கடையில் நிறம் கலப்பவள். சுவரிலிருந்து பெயர்ந்த ஒரு சில்லைக் கொண்டுவந்து நீட்டினால் போதும், அதே நிறத்தைக் கலந்து கொடுத்துவிடுவேன். ஒற்றைக் கண்ணால் பார்க்கிற வேலை. இரண்டு கண் இருப்பவர்கள் என்னிடம் வந்து கேட்டுப் போவார்கள். வெளியே எனக்கு அப்படி ஒரு பெயர். வீட்டில் மட்டும் முப்பத்தேழு வயதிலும் பாப்பா.

நடுவில் எனக்கு ஒரு கல்யாணம் ஆனது. வருடம் திரும்புவதற்குள் நான் திரும்பிவிட்டேன். அவர் கெட்டவர் இல்லை. எனக்குத் தலைவலி என்றால், என்ன செய்யலாம் என்று என்னையே கேட்பார். அக்கா கேட்கமாட்டாள், செய்துவிடுவாள். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவளுக்கு மற்றவர்களோடு ஒத்துப்போவது சிரமம். அக்காவுக்கும் முன்பு கல்யாணப் பேச்சு வந்ததுண்டு. ஒரு தடவை எனக்குப் பரீட்சை, இன்னொரு தடவை எனக்கு மஞ்சள் காமாலை, அப்புறம் என் கல்யாணம், அப்புறம் நான் திரும்பி வந்தது. எல்லாம் அந்தந்த நேரத்தில் தானாக நடந்தது. யாரும் உட்கார்ந்து திட்டம் போடவில்லை.

அக்கா வேலை செய்யும் கட்டடத்தில் லிஃப்ட் பழசு. அதைப் பழுது பார்க்க ஒருவர் வருவார். மனைவியை இழந்தவர், காதோரம் நரைத்தவர், பேசும்போதுகூடக் கையில் இருக்கும் துணியால் விரல்களைத் துடைத்துக்கொண்டே இருப்பவர். அந்த லிஃப்ட் அவ்வளவு தடவை கெட்டுப்போக வேண்டிய அவசியமே இல்லை என்று கடையில் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். கடைசியாகத் தெரிந்துகொண்டவள் நான்தான். நாற்பத்தைந்து வயதில் அக்கா கழுத்தெல்லாம் சிவக்க என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"பாப்பா, ஒருத்தர் கேக்குறாரு. சரின்னு சொல்லட்டுமா?"

"உன் இஷ்டம்க்கா" என்றேன். நன்றாகவே சொன்னேன். என் குரலில் ஒன்றும் இல்லை.

அவருடைய வீடு ஊரின் அந்தக் கோடியில். இரண்டு பஸ் மாற வேண்டும். பதிவு அலுவலகத்தில் கல்யாணம், அதற்கு முன்னால் அக்காவின் சாமான்கள் அங்கே போய்விட வேண்டும் என்று முடிவாயிற்று. வாரத்தில் இரண்டு நாள் வந்து எனக்குச் சமைத்து வைத்துவிட்டுப் போவதாக அக்கா சொன்னாள். நீங்களே சொல்லுங்கள், இரண்டு நாள் சாப்பாட்டை வைத்துக்கொண்டு ஒருத்தி ஏழு நாள் எப்படி ஓட்டுவாள்?

சாமான் ஏற்றிய அன்றைக்கு நடந்ததை நீங்கள் ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள். இரண்டு முனையிலும் இரும்புக் கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு, வண்டியில் மூட்டை கட்டுவார்களே, அது. லிஃப்ட்காரரும் வண்டிக்காரரும் மாடியிலிருந்து அலமாரியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா தையல் மிஷினை வண்டியில் நிறுத்தி, கயிற்றை இழுத்து மாட்டிவிட்டு, துணிப்பெட்டியை எடுக்க உள்ளே போனாள். அவள் திரும்பி வந்தபோது நான் வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தேன். கொக்கி தெறித்து வலது கண்ணில் அடித்திருந்தது. அக்கா பெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். என் கையை விலக்கிப் பார்த்தாள்.

"நான் சரியா மாட்டலையே பாப்பா. நான் சரியா மாட்டலையே."

உங்கள் காகிதத்திலும் அப்படித்தான் இருக்கும். முதல் திருத்தம் அதுதான். அக்கா சரியாகத்தான் மாட்டியிருந்தாள். அவள் உள்ளே போனதும் கயிற்றைக் கழற்றியது நான். அந்தத் தையல் மிஷின் அம்மாவுடையது, எங்கள் இருவருக்கும் பொது. எனக்குத் தைக்கத் தெரியாது, அது வேறு விஷயம். அதை மட்டுமாவது இறக்கி வைத்துவிடலாம் என்று குனிந்து கொக்கியை விடுவித்தேன். கை நழுவியது. அக்கா தப்பாகப் புரிந்துகொண்டாள், நான் திருத்தவில்லை. அந்த வலியில் யார்தான் திருத்திக்கொண்டிருப்பார்கள்? அப்புறம் வலி போய்விட்டது, உண்மைதான். ஆனால் அதற்குள் எல்லோரும் அதை ஏற்றுக்கொண்டிருந்தார்கள்.

கண்ணின் முன்னால் கண்ணாடி மாதிரி இருக்குமே கருவிழி, அது கிழிந்துபோயிருந்தது. தைத்தார்கள். ஆறியதும் அந்த இடம் வேகவைத்த முட்டையின் வெள்ளை மாதிரி ஆகிவிட்டது. இறந்தவர் யாராவது கண் தானம் செய்தால் மாற்றிவிடலாம், அதற்கு வரிசையில் காத்திருக்க வேண்டும் என்றார் டாக்டர்.

அந்தக் காத்திருந்த மாதங்களைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். தையல் மிஷின் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. அக்கா கடையிலிருந்து துணிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து தைத்தாள். மிஷின் ஓடும் சத்தத்தை வைத்தே அவள் எந்த மூடில் இருக்கிறாள் என்று சொல்லிவிடுவேன். ஜன்னலில் நின்று தெருவில் நடப்பதை எனக்குச் சொல்லுவாள். ஒருவரின் குடை காற்றில் தலைகீழாக மடிந்துவிட்டது, அவர் அதோடு சண்டை போடுகிறார் என்பாள். பதிவு அலுவலகத்துக்குப் போக வேண்டிய நாள் வந்தது, போனது. அன்று அக்கா எனக்கு ரொம்ப நேரம் தலை வாரிவிட்டாள். இரண்டு பேருமே அதைப் பற்றிப் பேசவில்லை. பேசாமல் இருப்பதில் ஒரு நெருக்கம் இருக்கிறது, உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

பிறகு ஒரு நாள் ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் வந்தது. யாரோ ஒருவர் இறந்துபோனார், அவர் வீட்டார் கொடுத்தார்கள். யார் என்று சொல்லமாட்டார்கள். அக்கா அதற்குப் பிறகு தினமும் காலையில் ஜன்னலைத் திறந்ததும் அந்தப் பெயர் தெரியாத மனிதருக்கு நன்றி சொல்லுவாள். சத்தமாகவே சொல்லுவாள், பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற மாதிரி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவருக்கு அது இனித் தேவைப்படாது.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு பெரிய கஷ்டம் வலி இல்லை, சும்மா இருப்பதுதான். குனியக்கூடாது. கனமானதைத் தூக்கக்கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். முகத்தில் தண்ணீர் படக்கூடாது. எக்காரணம் கொண்டும் கண்ணைத் தேய்க்கக்கூடாது, முடியைவிட மெல்லிய நூலால் சுற்றிலும் தையல் போட்டிருக்கிறது என்று சொல்லி, கண்ணுக்கு மேல், ஊடே பார்க்கக்கூடிய ஒரு பிளாஸ்டிக் மூடியை ஒட்டி அனுப்பினார்கள். நான் சுவரைத் தடவிக்கொண்டே கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருப்பேன். படுத்தால் எழத் தோன்றும், எழுந்தால் படுக்கத் தோன்றும். உடம்புக்குள் யாரோ சாமான்களை இடம் மாற்றிக்கொண்டே இருப்பதுபோல ஒரு பரபரப்பு.

சொட்டு மருந்து போடுவது அக்காவின் வேலை. அதில் ஒன்று பால் மாதிரி இருக்கும். உடம்பு புதுக் கருவிழியை வேற்றாள் என்று தள்ளிவிடாமல் காப்பது அந்த மருந்துதான். குலுக்காமல் போட்டால் மருந்து அடியில் தங்கிவிடும், வெறும் தண்ணீர்தான் விழும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். அக்கா பாட்டிலைக் காதருகே வைத்துக் குலுக்குவாள். ஒரு தடவைகூட அவள் தவறவிட்டதில்லை. இது இரண்டாவது திருத்தம்.

பார்வை ஒரேயடியாக வரவில்லை. முதலில் வெளிச்சம், அப்புறம் நிழல். பிறகு ஒரு நாள் காலையில் ஜன்னல் திரையின் நிறம் தெரிந்தது. வெளிர் மஞ்சள் என்று நினைத்தேன். இல்லை, அந்த மஞ்சளில் ஒரு சொட்டுப் பழுப்பு கலந்திருந்தது. அந்த ஒரு சொட்டு தெரிந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா வழக்கம்போல வந்து என் முன்னால் கையைக் காட்டினாள்.

"எத்தனை விரல் பாப்பா?"

மூன்று. மூன்றிலும் ஊசி குத்திய புள்ளிகள் தெரிந்தன. நான் தெரியவில்லை என்றேன். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் லிஃப்ட்காரர் வருவதாக இருந்தது. அவர் சட்டைப் பையில் தைத்திருக்கும் கம்பெனிப் பெயரைச் சட்டென்று படித்துக்காட்டி, இரண்டு பேரையும் திகைக்க வைக்கலாம் என்று ஆசை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் வந்தார். நான் மேசையில் சூப் குடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு எதிரில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். வாயால் ஊர்க்கதை பேசிக்கொண்டே கையால் வேறொன்று பேசினார்கள். எனக்குக் கண் தெரியாது என்ற தைரியம். அவர் என்னவோ சைகை காட்ட, அக்கா வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தாள். அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. என்னோடு சிரிக்கும்போது அவள் பாதிச் சிரிப்பில் நிறுத்தி, எனக்கும் சிரிப்பு வந்ததா என்று பார்ப்பாள். இந்தச் சிரிப்பில் அந்த நிறுத்தம் இல்லை.

பிறகு அவர் காற்றில் கையெழுத்துப் போட்டுக் காட்டினார். எப்போது என்று கேட்பதுபோலப் புருவத்தை உயர்த்தினார். அக்கா என் பக்கம் பார்த்தாள். தன் வலது கண்ணைத் தொட்டாள். அப்புறம் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து, சிறகு மாதிரி விரித்தாள்.

அதாவது, என் கண் தெளிந்ததும் அவள் போய்விடுவாள். எவ்வளவு எளிமையான ஏற்பாடு, பாருங்கள். என்னிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. நான் சூப்பைக் குடித்து முடித்தேன். சட்டைப் பையில் இருந்ததைப் படிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் எழுத்துப் பலகையின் முன்னால் உட்கார வைத்தபோது, மேல் வரிசையில் இருக்கும் பெரிய எழுத்துகூடத் தெரியவில்லை என்றேன். டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்தார். ஒட்டு, அதாவது புதுக் கருவிழி, பளிங்கு மாதிரி இருக்கிறது, பார்வை மட்டும் ஏன் வரவில்லை என்று அவருக்கே குழப்பம். நரம்பைப் பார்த்தார்கள், விழித்திரையைப் பார்த்தார்கள். அக்கா கூடவே அலைந்தாள்.

அந்த வாரங்களில் நான் நிறையப் பார்த்தேன். "இதோ வந்துட்டேன்டா பாப்பா" என்று தேன் மாதிரி ஒரு குரல் வரும். அதைச் சொல்லும் முகம் ஷட்டர் இறக்கிய கடை மாதிரி இருக்கும். ஒரு தடவை நான் தண்ணீர் கேட்டேன். அக்கா ஃபிரிட்ஜைத் திறக்காமல், அதன் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். எனக்குப் பாவமாக இருந்தது. இவ்வளவு களைத்துப்போனவளுக்கு ஊரின் அந்தக் கோடியில் இன்னொரு வீடு, இன்னொரு சமையல், இன்னொரு மனிதர் எல்லாம் எதற்கு என்று தோன்றியது. அவளுக்கு நான் செய்துகொண்டிருப்பது ஒரு வகையில் உதவிதான் என்று எனக்குத் தெளிவானது அன்றைக்குத்தான்.

லிஃப்ட்காரருக்குச் சந்தேகம் வந்தது. எப்படி வந்தது என்று தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கூடத்திலிருந்து சமையலறைக்கு நடந்தபோது, எப்போதும் காலியாக இருக்கும் நடைவழியின் நடுவில் ஸ்டூல் இருந்தது. அவர் சுவரோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதைப் பார்த்தேன், அவர் பார்ப்பதையும் பார்த்தேன். பிறகு நேராகப் போய் மோதினேன். முழங்காலுக்குக் கீழே தோல் பெயர்ந்தது. அக்கா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"ஸ்டூலை யாரு இங்க வெச்சது?"

"நான்தான் வெச்சேன்" என்றார் அவர்.

"எதுக்கு?"

அவர் விரல்களைத் துடைக்கக் கையில் துணி இல்லாமல் சட்டையில் துடைத்துக்கொண்டார். "மோதுறதுக்கு முன்னாடி அவங்க ஒரு நிமிஷம் நின்னாங்க. அவங்களுக்குக் கண்ணு தெரியுது. கொஞ்ச நாளாவே தெரியுதுன்னு நினைக்கிறேன்."

அக்கா அவரைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். அவள் கண்ணுக்குக் கீழே கருவளையம் இருந்தது, நெற்றியில் ஒரு நூல் ஒட்டியிருந்தது.

"பாப்பா. தெரியுதாடி? தெரிஞ்சா சொல்லு. நான் எதுவும் கேக்க மாட்டேன்."

இப்போது நினைத்தால், ஒரு வார்த்தையில் எல்லாம் முடிந்திருக்கும். அவள் கேட்ட விதத்தில் கோபமே இல்லை. கெஞ்சுகிற மாதிரி இருந்தது. எதற்காகக் கெஞ்சுகிறாள் என்று எனக்குப் புரிந்ததால்தான் அந்த வார்த்தையை என்னால் சொல்ல முடியவில்லை.

"நிழல்தான்க்கா தெரியுது. அவரு ஏன்க்கா என்னை இப்படிப் பண்றாரு?"

அக்கா ஸ்டூலைத் தூக்கிச் சுவரோரம் வைத்தாள். அப்புறம் அவரிடம், "நீங்க கிளம்புங்க" என்றாள். அவர் என்னவோ சொல்ல வந்தார். "கண்ணு தெரியாத பிள்ளைக்குக் குறுக்கே ஸ்டூல் வைக்கிற மனுஷனோட நான் எப்படிங்க இருப்பேன்? கிளம்புங்க." அவ்வளவுதான் பேச்சு. அக்கா என் காலில் மருந்து தடவினாள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண் தெரியாதவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

அவர் அதற்குப் பிறகும் வந்தார். மாடிக்கு வரவில்லை. கீழே தெருவில், எதிர்ச் சுவரோரம் நின்று எங்கள் ஜன்னலைப் பார்த்துவிட்டுப் போவார். அக்கா அந்த நேரத்தில் மிஷினில் தலை குனிந்திருப்பாள். ஜன்னலில் நின்று அவரைப் பார்த்தவள் நான்தான். மூன்றாவது திருத்தம் அதுதான்: அந்த மனிதர் சொன்னது உண்மை. அவர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்தால் சொல்லிவிடுங்கள். எனக்கு அவர்மேல் கோபம் எதுவும் இல்லை.

எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்திருந்தேன். டாக்டர்தான் விடவில்லை. ஒரு கடைசிச் சோதனை இருக்கிறது என்றார். தலையில் ஒயர்களை ஒட்டி, எதிரில் திரையில் கறுப்பு வெள்ளைக் கட்டங்களைக் காட்டுவார்களாம். கண்ணில் விழுவது மூளைக்குப் போகிறதா இல்லையா என்று தெரிந்துவிடுமாம். "நீங்க ஒண்ணுமே சொல்ல வேண்டாம்மா, மெஷினே சொல்லிடும்" என்று என் தோளைத் தட்டினார். ஆறுதலுக்காகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்த பிறகு என் கால் ஓயவில்லை. நடந்துகொண்டே இருந்தேன். நான் பொய் சொன்னவள் என்று மெஷின் சொன்னால் அக்காவால் தாங்க முடியாது. எனக்காக அந்த மனிதரையே அனுப்பியவள் அவள். அவளை ஏமாந்தவளாக ஆக்க எனக்கு மனமில்லை. ஆகவே நான் சொன்னது உண்மையாகிவிட வேண்டும். வேறு வழி இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள், இனிமேல் பயன் இல்லை என்றாலும்.

அக்கா தைத்த துணிகளைக் கொடுக்கக் கடைக்குப் போயிருந்த ஒரு மதியம், குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று மூடியைக் கழற்றினேன். கண் நன்றாகத்தான் இருந்தது. உற்றுப் பார்த்தால் நூல்கள் சூரியகாந்தி இதழ் மாதிரி சுற்றிலும் தெரிந்தன. நேர்த்தியான வேலை. பிறகு கையை முஷ்டியாக்கி அதன்மேல் வைத்தேன். அடுத்தடுத்த நாட்களிலும் அக்கா வெளியே போனபோதெல்லாம் செய்தேன். அவள் குலுக்கிப் போட்ட மருந்தை, அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் தலையணையில் துடைத்துவிட்டேன். வலித்தது. அந்த வலி எனக்கு நியாயமாகப்பட்டது. நானும் ஏதோ கொடுக்கிறேன் என்று தோன்றியது.

கண் சிவந்தது. அப்புறம் மெல்லப் பனி இறங்கியது. திரையின் நிறத்தில் முதலில் அந்தப் பழுப்பு போனது, பிறகு மஞ்சள். ஒரு நாள் அக்கா கையைக் காட்டினாள், எனக்குக் கையே தெரியவில்லை. தெரியவில்லை என்று சொன்னபோது அவ்வளவு நிம்மதியாக இருந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவளிடம் உண்மை பேசினேன்.

ஒட்டை உடம்பு தள்ளிவிட்டது என்றார் டாக்டர். மருந்தெல்லாம் ஒழுங்காகப் போட்டீர்களா என்று அக்காவைக் கேட்டார். வீட்டுக்கு வந்ததும் அக்கா பால் மருந்து பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"நான் குலுக்கினேனே பாப்பா. ஒவ்வொரு தடவையும் குலுக்கினேன். குலுக்கினேன்ல?"

"ஒரு நாள் ரெண்டு நாள் மறந்திருப்பே. விடுக்கா" என்றேன்.

அதைச் சொன்னது அவளை ஆறுதல்படுத்தத்தான். மறதி எல்லோருக்கும் வருவது.

அடுத்த தடவை போனபோது டாக்டர் அக்காவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன், ஒரு பக்கத்தில் தையல்கள் அறுந்திருக்கின்றன, தானாக இப்படி அறுந்துபோகாது, அழுத்தினால்தான் அறுந்துபோகும் என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, முதலில் கொக்கி, இப்போது இது, வீட்டில் உங்களை யாராவது துன்புறுத்துகிறார்களா, பயப்படாமல் சொல்லுங்கள் என்று கேட்டார்.

நான் அழுதேன். அழுகை ஒரு பதில் இல்லை. அவர் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டார். பிறகு ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன். "அக்காவை ஒண்ணும் சொல்லாதீங்க டாக்டர், பாவம், அவ வேணும்னு பண்ணியிருக்க மாட்டா." இதில் எந்த வார்த்தை பொய் என்று நீங்கள் காட்ட முடியாது. நான் நினைத்தது இதுதான்: டாக்டர் அக்காவைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கடிந்துகொள்வார். அக்கா மனம் வருந்துவாள். வருந்துகிறவள் விட்டுவிட்டுப் போகமாட்டாள். டாக்டர் உங்களிடம் சொல்லியாக வேண்டும் என்று ஒரு சட்டம் இருப்பது எனக்கு எப்படித் தெரியும்?

நீங்களும் இன்னொருவரும் வீட்டுக்கு வந்தீர்கள். விசாரணை முடியும்வரை அக்கா வேறு எங்கேயாவது தங்க வேண்டும் என்றீர்கள். அவள் அழுவாள், என் கையைப் பிடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பாட்டில்களில் எனக்கு அடையாளம் தெரிய ரப்பர் பேண்ட் சுற்றி வைத்தாள். ஆன்ட்டியிடம் சாவியைக் கொடுத்தாள். படிக்கட்டில் அவள் இறங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் எங்கும் நிற்கவில்லை.

அதிலிருந்து வீட்டில் ஒரு வேலையும் சரியாக நடக்கவில்லை. ஆன்ட்டி நல்லவர்தான். தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விடுகிறார். சூடா ஆறியதா என்று சொல்வதில்லை. ஜன்னலுக்குக் கீழே என்ன நடக்கிறது என்று சொல்ல ஆள் இல்லை. நான் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடக்கிறேன், திரும்பி நடக்கிறேன். அதனால் யோசித்து முடிவு செய்தேன். உண்மையைச் சொல்லிவிட்டால் நீங்கள் போட்ட தடையை எடுத்துவிடுவீர்கள். சொல்லிவிட்டேன். கொக்கியைக் கழற்றியது நான். பார்வை வந்ததை மறைத்தது நான். தையலை அறுத்தது நான். அக்கா எதுவும் செய்யவில்லை.

அந்தக் கருவிழிக்காக வரிசையில் இன்னொருவர் காத்திருந்திருப்பார் என்று இப்போது கேட்டீர்கள். இருந்திருப்பார். அவருக்கு வேறொன்று கிடைத்திருக்கும். கருவிழி கிடைக்கும். அக்கா மாதிரி ஒருத்தி எங்கே கிடைப்பாள்?

எனக்கு என்ன தண்டனையோ கொடுங்கள். அக்காவை மட்டும் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

என்ன சொன்னீர்கள்? போன மாதமேவா?

போன மாதமே எடுத்துவிட்டீர்களா தடையை. அவள்மேல் எந்த ஆதாரமும் இல்லை, வீட்டுக்குப் போகலாம் என்று அவளை நேரில் கூப்பிட்டே சொன்னீர்களா. சரி. அதற்கு அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள் என்கிறீர்கள். "போயே ஆகணுமா?" என்று.

அது அவள் சுபாவம். அதற்கு நீங்கள் வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதீர்கள். யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் எதுவும் செய்யமாட்டாள். என்னைக்கூடக் கேட்டுத்தானே சரி என்று சொன்னாள்? நீங்கள் ஆமாம், போயே ஆக வேண்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். உங்களுக்கு விவரம் தெரியாது, விட்டுவிட்டீர்கள். பரவாயில்லை. இப்போது ஒரு ஃபோன் போட்டுச் சொல்லுங்கள், உடனே கிளம்பி வந்துவிடுவாள். அவளுக்கும் என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?